விடுங்கோ என்று நான் கத்திய நாள்

வரும் மே மாதத்திலிருந்து நாணல் கரைப் படகுகள் மூன்றும் உங்கள் பொறுப்பு. நான் கரைக்கு வந்துவிட்டேன். இனி வகுப்பறையில் நின்று மீன்பிடிச் சான்றிதழுக்குப் படிப்பிக்கப் போகிறேன். முப்பத்திரண்டு வயதில் ஓய்வு என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். ஒன்பது பருவங்கள் படகின் பின்பக்கத்தில் நின்றவளின் முதுகுக்கு வயது வேறு.

எந்தக் காற்றுக்கு எந்தக் குடா, எந்தத் தண்ணீருக்கு எந்தத் தூண்டில் என்பதையெல்லாம் முதலாளி சொல்லித் தருவார். மூன்று தரம் சொல்லித் தருவார். அவர் சொல்லாமல் விடுபவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் மூவரில் இருவருக்குத் தமிழ் தெரியும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். மூன்றாமவருக்கு மற்ற இருவரும் சொல்லுங்கள். நான் முட்டாளாகத் தெரியும் இடங்களைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

என்னைப் பற்றி ஒன்று. அம்மா சுவிஸில், பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில், ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை. அப்பா உணவகச் சமையலறையில். இருவரின் பள்ளிக்கூடத்தையும் இலங்கையில் சண்டை பாதியிலேயே மூடிவிட்டது. எங்கள் குடும்பத்தில் படித்து முடித்து, பரீட்சை எழுதி, கையில் தாள் வாங்கிய முதல் ஆள் நான். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். இங்கேயும் சொல்லிவிட்டேன்.

இந்த வேலையில் சேர்ந்த அன்று அம்மா கேட்டா:

"இவ்வளவு காலம் படிச்சது மீன் பிடிக்கவோ?"

"நான் பிடிக்கிறதில்லை அம்மா. ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடிக்கக் காட்டிக் குடுக்கிறன்."

"கடையில மீன் இல்லையோ?"

"இருக்கு."

"தெரிஞ்சுகொண்டும் வருவினமோ?"

"ஓம்."

"விசர்ச் சனம்" என்றா அம்மா. அந்தக் கருத்தை அவ இன்றுவரை மாற்றவில்லை.

அம்மாவால்தான் முதல் பாடமும் வந்தது. முதல் பருவத்தில் பேர்ணிலிருந்து ஒரு பெண்மணி தனியாக வந்திருந்தார். தூண்டில் மிதவை நாணல் ஓரம் ஆடாமல் நின்றது. அம்மா தொலைபேசியில் அழைத்தா. சித்தியின் மகளின் கலியாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொரு பெயராகக் கேட்கக் கேட்க, நான் மறுபக்கம் திரும்பி மெல்லிய குரலில் "ஓம்... ஓம்... ஓம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சொந்தம் அதிகம். இருபது ஓமுக்குப் பிறகு திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண்மணி தடியைக் கீழே வைத்துவிட்டுப் படகின் தரையில் சம்மணம் போட்டிருந்தார். கண் மூடி, மூச்சை ஆழ இழுத்துக்கொண்டிருந்தார். மிதவை தண்ணீருக்குள் போய், வெளியே வந்து, திரும்பவும் போனது. அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. மீன் இரையைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. அடுத்த கிழமை இரண்டு பேர் முதலாளியிடம் தொலைபேசியில் "மந்திரம் சொல்லும் வழிகாட்டி" வேண்டும் என்று கேட்டார்கள். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

படகில் தொலைபேசியை அணைத்து வையுங்கள். அது சின்னப் பாடம். பெரிய பாடம் நவரத்தினம் அங்கிள்.

அது ஒரு செப்டெம்பர் மாதக் காலை. லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரத்தோடு நின்றவர் ஓய்வு பெறுகிறார். கூட வேலை செய்தவர்கள் அவருக்குப் பரிசாக எங்கள் படகுப் பயணத்தை எடுத்திருந்தார்கள். படகில் அவரும், அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் இருபத்திரண்டு வருடம் நின்ற வெர்னர் என்ற சுவிஸ்காரரும் மட்டும். மற்ற எட்டுப் பேரும் கரையில் நெருப்பு மூட்டி, செர்வலா சொசேஜ் வாட்டிக்கொண்டு, மீனோடு திரும்பி வரும் நவரத்தினத்தை வரவேற்கக் காத்திருந்தார்கள். பதிவுப் படிவத்தில் "மிகுந்த அனுபவம் உள்ளவர், கடலில் தொழில் செய்தவர்" என்று எழுதியிருந்தது.

கடல் தொழிலாளி படகில் ஏறிய விதத்திலேயே எனக்குச் சந்தேகம். இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து, பேருந்து நிற்கும் முன் இறங்குகிறவர் போல ஏறினார். இயந்திரத்தை நிறுத்தி நாணல் ஓரம் நின்றதும், வெர்னர் அடுத்த பக்கம் பார்த்திருந்த வேளையில், என் பக்கம் சரிந்தார்.

"பிள்ளை தமிழ்தானே?"

"ஓம் அங்கிள்."

"ஒரு உதவி செய்யவேணும். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. இந்தத் தடியை இண்டைக்குத்தான் கிட்டவாப் பாக்கிறன்."

"அப்ப, கடலில தொழில் எண்டு..."

"எங்கட ஊரிலயிருந்து கடலுக்குப் போறதெண்டால் பஸ் எடுக்கவேணும், பிள்ளை. நாங்கள் வெங்காயம் செய்த ஆக்கள்."

நடந்தது இதுதான். வேலையில் சேர்ந்த முதல் கிழமை, சாப்பாட்டு மேசையில், ஊரில் என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு அப்போது ஜெர்மனில் பத்துச் சொல்கூடத் தெரியாது. அன்றைக்குச் சாப்பாடு மீன். தட்டில் இருந்த அந்த ஒரு சொல் மட்டும் தெரியும். "ஃபிஷ்" என்றிருக்கிறார். "மீன்பிடிகாரனா?" என்று அவர்கள் மகிழ்ந்திருக்கிறார்கள். "யா, யா" என்றிருக்கிறார்.

"பிறகு பாஷை பழகினாப் பிறகு சொல்லியிருக்கலாமே?"

"அதுக்குள்ள ரெண்டு புயலும் ஒரு சுறாவும் சொல்லிப்போட்டன். போன நத்தார்ப் பண்டிகைக்குத் திமிங்கிலமும் வந்திட்டுது." கரையில் எழும் புகையைப் பார்த்தார். "முப்பது வருஷம் அவங்கள் என்னை அகதி எண்டு கூப்பிடேல்லை, பிள்ளை. மீன்காரன் எண்டுதான் கூப்பிட்டவங்கள். வெறுங்கையோட அந்தக் கரையில இறங்கேலாது. என்ர மானம் உம்மட கையில."

வெர்னர் இருமினார். நான் அதைக் குளிர் இருமல் என்று நினைத்தேன்.

"பயப்படாதேங்கோ அங்கிள்" என்றேன். "நான் தமிழில சொல்லச் சொல்லச் செய்யுங்கோ. அவருக்கு விளங்காது."

இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் பிடிக்கப் போகும் ஹெஹ்ட் என்ற மீனைப் பற்றி ஒரு சொல்: முதலை மீனாகப் பிறந்தால் அப்படித்தான் இருக்கும். நாணலுக்குள் அசையாமல் நிற்கும். உங்களுக்கு நம்பிக்கை போகும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் கடிக்கும்.

கடித்தது. தடி வில்லாக வளைந்தது. நூல் உருளை கிறீச்சிட்டது. அங்கிள் எழுந்து நின்று முழுப் பலத்தோடு தடியைத் தன் நெஞ்சுக்கு இழுத்தார். இன்னும் ஒரு நொடி அப்படி இழுத்தால் நூல் அறும். மீனுக்கு நூலை விட வேண்டும், அது ஓடட்டும் என்ற பொருளில் நான் கத்தினேன்:

"விடுங்கோ! விடுங்கோ, அங்கிள், விடுங்கோ!"

விட்டார்.

இரண்டு கைகளையும் விரித்து, மிகச் சுத்தமாக விட்டார். தடி படகின் விளிம்பைத் தாண்டிப் பறந்து தண்ணீரில் விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொன்னதைச் சொன்னபடி செய்து, பாராட்டுக்குக் காத்திருக்கும் மாணவனின் முகம்.

"ஏன் அங்கிள் விட்டனீங்கள்?"

"நீர்தானே விடச் சொன்னனீர்!"

"நூலை!"

"நூலை எண்டு சொன்னனீரோ?"

சொல்லவில்லை. அவர் சொன்னது சரி. ஒருவரைத் தொந்தரவு செய்யாதே, பிடியை எடு, வழி கொடு, மறந்துபோ, இத்தனையையும் எங்கள் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. வீட்டில் அது வசதி. வளைந்த தடியைப் பிடித்திருக்கும் மனிதனுக்கு அது போதாது. படகு புறப்படும் முன், கரையில் நின்றே, வாடிக்கையாளரோடு நான்கு சொற்களைப் பேசி முடிவு செய்யுங்கள்: நூல் குடு, சுத்து, நில், தடியைப் பிடி. எந்த மொழியில் என்பது முக்கியமில்லை. ஜெர்மன் படித்தேன், சட்டம் படித்தேன், மீனின் உள்ளுறுப்புகளைப் படித்தேன். என் வீட்டுச் சொல்லை மட்டும் நான் படித்துப் பார்க்கவில்லை.

தடி மூழ்கவில்லை. எங்கள் தடிகளின் பிடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நுரைமிதவை கட்டியிருப்போம். அங்கிளுக்கு முன்னும் தடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். மீன் இழுக்க, அந்த ஆரஞ்சு மிதவை விடுமுறைக்குப் போகிறவர் போல ஏரியில் ஆறுதலாக நகர்ந்தது. நான் அதன் பின்னால் படகை விட்டேன். எட்டிப் பிடிக்க இன்னும் மூன்று மீட்டர் இருந்தபோது அது இரண்டு மஞ்சள் மிதவைகளுக்கு நடுவே நுழைந்து உள்ளே போய், நாணலில் சிக்கி நின்றது.

மஞ்சள் மிதவைக்கு அப்பால் பறவைகளின் இடம். அந்தப் பாதுகாப்பு எல்லைக்குள் எந்தப் படகும் போகக் கூடாது. இதை உங்களுக்குப் பரீட்சையில் கேட்பார்கள்.

இருபது மீட்டர்தான். ஏரியில் வேறு ஒருவரும் இல்லை. நாணல் மறைப்பில் கரையில் இருப்பவர்களுக்கும் தெரியாது.

"ஒருத்தருமில்லைப் பிள்ளை" என்றார் அங்கிள். "டக்கெண்டு போயிட்டு வருவம்."

வெர்னர் எல்லாப் பக்கமும் பார்த்தார். அதுவும் ஒரு கருத்துத்தான்.

நானும் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: இயந்திரத்தின் பிடியில் என் கை போய்விட்டது. எங்கள் வீட்டு அலமாரியில் முத்திரை குத்திய தாள்கள் ஒரு கட்டு உண்டு. எல்லாம் இந்த நாட்டில் இவர்களை இருக்க விடுவதா, அனுப்புவதா என்று யாரோ எழுதியவை. ஒரு வேலை செய்ய எனக்குத் தெரியும் என்று சொன்ன முதல் தாள், என் வழிகாட்டி அனுமதி. அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் கொழுவியிருக்கிறா. உள்ளே போய், பறவை எழும்பினால் அந்தத் தாள் போகும். போகாமல் நின்றால் அங்கிளின் மானம் போகும், தடியோடு கட்டுண்ட ஒரு மீனும் நாணலுக்குள் கிடந்து சாகும்.

நான் தொலைபேசியைத் திறந்து மீன்வளக் காவலரைக் கூப்பிட்டேன். உங்களுக்கு மூன்றாவது வழி தெரியாத நேரத்தில், உங்களைத் தண்டிக்கக்கூடியவரையே கூப்பிடுங்கள். மற்றவர்கள் கூப்பிட்டு அவர் வருவதைவிட அது நல்லது.

காவலர் ஒரு பெண். பக்கத்துக் குடாவில் இருந்தார். பத்து நிமிடத்தில் தட்டைப் படகில் வந்துவிட்டார். குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"தடி எப்படித் தண்ணீருக்குப் போனது?"

"நான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றேன் நான்.

"பெரிய அலை" என்றார் அங்கிள், கண்ணாடி போலக் கிடந்த ஏரியில்.

"நான் அவரை இடித்துவிட்டேன்" என்றார் வெர்னர்.

மூன்றும் ஒரே நேரத்தில் வந்தன. அங்கிள் வெர்னரை ஆச்சரியமாகப் பார்த்தார். வெர்னர் இடிக்கவில்லை. அவர் அசையவே இல்லை. காவலர் எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "தடி தவறியது. காரணம்: எல்லோரும்."

பிறகு மிதவையைப் பார்த்தார். "உள்ளே நான் போகலாம், நீங்கள் போக முடியாது. ஆனால் ஒரு கையால் படகைத் தள்ளி மறுகையால் மீன் இழுக்க என்னால் முடியாது. இன்றைய மீன்பிடி அனுமதி யாருடைய பெயரில்?"

அங்கிள் பள்ளிக்கூடத்தில் போலக் கையை உயர்த்தினார்.

"ஏறுங்கள்."

மாப்பிள்ளை ஊர்வலத்தில் போல நிமிர்ந்து உட்கார்ந்து, காவலர் நீண்ட கம்பால் தள்ள, அங்கிள் மஞ்சள் மிதவைகளைத் தாண்டிப் போனார். தடியை எடுத்தார். மீன் இன்னும் இருந்தது! நாணல் அதிர்ந்தது. நான் இருபது மீட்டருக்கு இப்பால் நின்றேன். என்னிடம் இருந்தது வாய் மட்டும்.

"தடியைப் பிடியுங்கோ! நூல் குடுங்கோ! நூல்!"

கொடுத்தார். மீன் ஓடியது, நின்றது.

"இப்ப சுத்துங்கோ, அங்கிள்!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் சுற்றுவது என்று நான் அவருக்குக் காட்டவேயில்லை. நூல் தளர்ந்தது. அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆண் குரல் வெடித்தது:

"இஞ்சேருங்கோ! முன்னுக்குச் சுத்துங்கோ! விசரே உங்களுக்கு? முன்னுக்கு!"

வெர்னர்.

எங்கள் ஊரில் மனைவி கணவனைப் பெயர் சொல்லி அழைக்காமல் "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிடுவா. இடைவேளைகளில் அங்கிள் தொலைபேசியை மேசையில் வைத்து, ஒலியைக் கூட்டிவிட்டு, கோப்பி குடித்தபடி மனைவியோடு கதைப்பது வழக்கமாம். வருடக்கணக்காக எதிர்க் கதிரையில் இருந்து கேட்டதில் வெர்னருக்குத் தமிழ் வந்திருந்தது. அந்த மனைவி பேசும் தமிழ் மட்டும். அங்கிளின் பெயரே அதுதான் என்று அவர் முதல் இரண்டு வருடம் நம்பியிருந்தாராம்.

அங்கிளுக்குக் கை தானாகச் சுற்றியது. முப்பத்து மூன்று வருடக் கலியாண வாழ்க்கை அந்தக் குரலுக்குப் பழக்கியிருந்தது.

"மெதுவா! எப்பவும் உங்களுக்கு அவசரம்தான்! இப்ப நில்லுங்கோ! ஓம், அப்பிடி!"

காவலர் கம்பை ஊன்றிக்கொண்டு சிரிப்பை அடக்கி நின்றார். ஐந்து நிமிடத்தில் மீன் வலைக்குள் வந்தது. குறித்த அளவுக்கு வளர்ந்த மீனைத் திரும்ப விடச் சட்டம் இடம் தராது. காவலரே விரைவாகச் செய்ய வேண்டியதைச் செய்து, அளந்து கொடுத்தார். அங்கிளின் கையை விட நீளம். அதைத் தொட்டில் பிள்ளை போல ஏந்தி எங்கள் படகுக்கு மாறினார்.

கரைக்குத் திரும்பும் வழியில் அங்கிள் வெர்னரிடம் கேட்டார்:

"உனக்கு எல்லாம் விளங்குமோ?"

"ஓம்."

"காலமை நான் பிள்ளைக்குச் சொன்னது?"

"அது எனக்குப் பத்து வருஷமாத் தெரியும்." வெர்னர் ஒரு பெண்ணின் இழுவையோடு, ஒரு எழுத்தும் பிசகாமல் ஒப்புவித்தார்: "'மீனுக்குத் தலை எது, வால் எது எண்டு தெரியாத மனுசனெல்லோ நீங்கள்!' உங்கட மனுசி சொன்னவ."

"ஏன்டா அப்ப ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

இதற்கு வெர்னரிடம் தமிழ் இல்லை. தன் மொழியில் சொன்னார்: "நத்தார் விருந்தில் அந்தத் திமிங்கிலக் கதை எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது."

அங்கிள் மீனைப் பார்த்தபடி இருந்தார். "என்ர கதைக்காக நீ அந்தப் பொம்பிளையிட்டைப் பொய் சொன்னனீ. இந்தப் பிள்ளை தன்ர வேலையைப் பணயம் வைச்சுப் போன் எடுத்தது. காணும். நான் அவங்களுக்கு உண்மையைச் சொல்லப் போறன்."

நான் தடுக்கவில்லை. வாடிக்கையாளரின் மானத்தைக் காப்பாற்றுவது எங்கள் வேலையில் சேரும். அதை அவரே எடுத்துக்கொண்டு போனால், வழியை மறிப்பது சேராது.

கரையில் எட்டுப் பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மீனைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். அவர் தூக்கவில்லை. புல்லில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்" என்றார், முப்பது வருடத்தில் பழகிய நல்ல சுவிஸ் ஜெர்மனில். "நான் மீன்பிடிகாரன் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் வெங்காயம் பயிரிட்டோம். புயல், சுறா, திமிங்கிலம், எல்லாம் பொய். இதுதான் என் வாழ்க்கையில் நான் பிடித்த முதல் மீன்."

எட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு புல்லில் கிடந்த மீனைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர்.

பிரிவுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருடமாக இப்படித்தான்" என்றார் மற்றவர்களிடம். "தன்னைப் பற்றி ஒருபோதும் பெருமையாகப் பேச மாட்டார்."

கைதட்டல் முன்னையதைவிடப் பலமாக எழுந்தது.

"இல்லை, இல்லை, உண்மையாக! தடியைக்கூடத் தண்ணீரில் விட்டுவிட்டேன்!"

சிரிப்பு. ஒருவர் அவரைத் தூக்கினார். இன்னொருவர் இப்படிப்பட்ட ஒரு மீனவரின் அடக்கத்துக்காக என்று கோப்பையை உயர்த்தினார். அவர் மறுக்க மறுக்க அவர்களுக்கு அவர் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

கடைசியில் தலைமுடி கலைந்து, மூச்சு வாங்க, அவர் நெருப்படியில் வெர்னருக்குப் பக்கத்தில் வந்து விழுந்தார்.

"நீயாவது சொல்லன்டா!"

வெர்னர் கரண்டியால் ஒரு செர்வலாவை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, அவரின் தட்டில் வைத்தார்.

"பேசாமச் சாப்பிடுங்கோ. ஆறப் போகுது."